திசைவிரதமும் வெளிநாட்டு வசிப்புரிமையும்

இல்லறத்தார்க்கு ஆசாரியர்கள் வகுத்தருளிய பன்னிரண்டு விரதங்களுள் நம்மில் பெரும்பாலோர் பொருட்படுத்தாது கடந்து செல்வது திசைவிரதம். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை ஆகியவற்றின் தேவையை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆனால், இந்தத் திசையில் இந்த எல்லைக்கு அப்பால் செல்வதில்லை என்று வாழ்நாள் முழுமைக்கும் வரையறுத்துக்கொள்வது எங்ஙனம் ஓர் அறமாகும் என்பது எளிதில் விளங்குவதில்லை. விமானம் இல்லாத காலத்து ஏற்பாடு என்று கருதி ஒதுக்குவோரும் உளர். அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று அவ்விரதம் என்பதை உணர்த்தும் வினா ஒன்று இக்காலத்தில் எழுந்துள்ளது. கோடிக்கணக்கில் முதலீடு செய்து அயல்நாட்டில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையைப் பெறலாமா என்பதே அவ்வினா. அதனை இல்லறத்தார் நோக்கில் சற்றே ஆராய்வோம்.

வினா எழும் சூழல்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களின் வேர் வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் உள்ளது. நிலத்தை நம்பி வாழ்ந்த நயினார்களின் மக்கள் வேலை நாடி நகர்க்கு வந்தனர். சிலர் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்தனர்; சிலர் சிறு பட்டறைகள் வைத்தனர். அவர்தம் பிள்ளைகள் பொறியியல் பயின்று மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்கின்றனர். படிப்பு முடிந்ததும் சிக்கல் தொடங்குகிறது. எச்-1பி என்னும் பணி விசாவுக்கு ஆண்டொன்றுக்கு 85,000 இடங்களே உள்ளன; அவற்றிற்கும் குலுக்கல் நடைபெறுகிறது. குலுக்கலில் வென்று பணியில் அமர்ந்தவரும் நிரந்தர வசிப்புரிமையாகிய கிரீன் கார்டுக்குப் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்கிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் 7 விழுக்காட்டிற்கு மேல் ஒதுக்குவதில்லை என்னும் பொதுவிதியே அதற்குக் காரணம்.

இந்நிலையில் கண்ணிற்படுவது முதலீட்டு வழி. அமெரிக்கா 1990-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் இ.பி.-5 என்னும் பிரிவை ஏற்படுத்தியது. 2022 மார்ச்சு மாதச் சட்டத் திருத்தத்தின்படி, கிராமப் பகுதியிலோ வேலையின்மை மிகுந்த பகுதியிலோ முதலீடு செய்வோர் 8 இலட்சம் டாலரும், பிற இடங்களில் செய்வோர் 10 இலட்சத்து 50 ஆயிரம் டாலரும் செலுத்த வேண்டும். அதனால் பத்துப் பேருக்கேனும் முழுநேர வேலை கிடைக்க வேண்டும். போட்ட பணத்திற்கு உத்தரவாதம் இருத்தல் கூடாது. இலாப நட்டத்திற்கு உட்பட்டதாகவே அது இருத்தல் வேண்டும். இந்நிபந்தனைகள் நிறைவேறினால் விண்ணப்பித்தவர்க்கும், வாழ்க்கைத் துணைக்கும், 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளைகளுக்கும் முதலில் இரண்டாண்டுக் கால வசிப்புரிமை கிடைக்கும். பின்னர் மறு ஆய்வுக்குப் பிறகு நிபந்தனை நீங்கும்.

8 இலட்சம் டாலர் என்பது நம் பணத்தில் 7 கோடி ரூபாயைத் தாண்டும். மாதச் சம்பளத்தில் வாழ்வோர் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை. ஆயினும் தொழிற்பேட்டையை ஒட்டி முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மனையையும் பட்டறையையும் விற்றால் சிலர்க்கு அது திரண்டுவிடும். தந்தை விற்று மகனுக்கு அன்பளிப்பாக அளிப்பதும் அச்சட்டத்திற்கு ஏற்புடையதே. பணம் நேர்வழியில் வந்தது என்று காட்டினால் போதும். ஆகவே இது பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரிய வினாவன்று. பிள்ளைப் பாசத்தால் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஒரே செயலில் வைக்கத் துணியும் பெற்றோர்க்கும் உரியது.

இடம்பெயர்தல் குற்றமா?

பிறந்த மண்ணை விட்டுச் செல்வதே தவறு என்று கூறுவதற்கு நம் சமயத்தில் இடமில்லை. பன்னீராண்டுத் துன்பம் வரும் என்று முன்னறிந்த பத்திரபாகு முனிவரின் வாக்கைக் கேட்டு முனிவர் சங்கம் உஜ்ஜயினியிலிருந்து தென்னாடு நோக்கிப் புறப்பட்டது என்பதைச் சிரவணபெளகொளாவின் சந்திரகிரிக் கல்வெட்டு குறிக்கிறது. அவர்கள் ஒழுக்கத்தைக் காக்கவே இடம்பெயர்ந்தனர். பஞ்சத்தால் விரதம் தளர நேரும் என்றபோது ஊரை விட்டனர்; விரதத்தை விடவில்லை.

அயல்நாட்டில் ஒழுக்கத்தோடு வாழ இயலாது என்பதும் பொருந்தாது. வட அமெரிக்காவில் ஜைன சங்கங்களின் கூட்டமைப்பு 1981-இல் தோன்றியது. ஆசாரிய சுசீல்குமார் 1983-இல் நியூ ஜெர்சியில் சித்தாசலம் என்னும் தலத்தை நிறுவினார். இரவுண்ணாமையையும் பரியூஷணத்தையும் கடைப்பிடிக்கும் குடும்பங்கள் அங்கே உள்ளன. எனவே, எங்கே வாழ்கிறோம் என்பதைக் கொண்டு ஒருவரை அளத்தல் கூடாது. எதற்காகச் செல்கிறோம், எவ்வழியில் செல்கிறோம், எதனை விட்டுச் செல்கிறோம் என்னும் மூன்றையும் கொண்டே அளத்தல் வேண்டும்.

திசைவிரதத்தின் உட்பொருள்

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் திசைவிரதத்தின் எல்லைகளாகக் கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். அவ்வாறு எல்லை வகுத்தவனுக்கு என்ன பயன்? எல்லைக்கு உட்பட்ட இடத்தில் அவன் அணுவிரதியே. உழவும் தொழிலும் வாணிகமும் செய்யும்போது ஏதோ ஓரளவு இம்சை நேர்ந்தே தீரும். ஆனால் எல்லைக்கு அப்பாற்பட்ட உலகம் முழுவதையும் பொறுத்தவரை அவனால் எவ்வுயிர்க்கும் சிறு தீங்கும் இல்லை. ஆகவே அங்கே அவனுடைய அணுவிரதங்கள் மகாவிரதத்தின் தன்மையை எய்துகின்றன. எவ்வளவு நுட்பமான சிந்தனை! கால் நடக்கும் தூரத்தை அவர் அளக்கவில்லை; நம் ஆசை எட்டிப் பிடிக்கும் தூரத்தை அளந்தார்.

இவ்விரதத்திற்குக் கூறப்படும் அதிசாரங்களுள் ஒன்று க்ஷேத்திர விருத்தி. வகுத்த எல்லையைப் பேராசையால் பின்னர்ப் பெருக்கிக்கொள்வது அது. நாள்தோறும் எல்லையை மேலும் சுருக்கிக்கொள்ளும் தேசவிரதத்தை உமாசுவாமிகள் குணவிரதங்களிலும் சமந்தபத்திரர் சிக்ஷாவிரதங்களிலும் வைத்தனர். வரிசை வேறாயினும் அதிசாரங்களில் இருவரும் ஒத்துள்ளனர். தான் செல்லாமல் எல்லைக்கு அப்பால் ஆளை அனுப்பி வேலை வாங்குதலும், அங்கிருந்து பொருளை வரவழைத்தலும் குற்றமே. உடல் இங்கே இருக்க, தன் ஏவல் அங்கே சென்று செயல் புரிந்தால் விரதம் பழுதுபட்டது என்பது கருத்து. இக்காலத்தில் ஏவலாளைவிட விரைந்து சென்று செயல் புரிவது பணமன்றோ!

பணம் சென்று செய்யும் செயல்

இ.பி.-5 முதலீட்டில் பெரும்பாலோர் தாமே தொழில் நடத்துவதில்லை. வட்டார மையம் எனப்படும் அமைப்பின் வாயிலாகப் பலருடைய பணம் திரட்டப்பட்டு ஏதேனும் ஒரு திட்டத்தில் இடப்படுகிறது. குடியிருப்புகள், அலுவலகக் கட்டடங்கள், தங்கும் விடுதிகள் முதலியன அத்திட்டங்களில் அடங்கும். லாஸ் வேகாஸ் நகரில் 2014-இல் திறக்கப்பட்ட எஸ்.எல்.எஸ். என்னும் சூதாட்ட விடுதிக்கு இவ்வழியில் 40 கோடி டாலர் திரட்டப்பட்டது.

ஏழு வியசனங்களுள் சூது முதலாவதாக எண்ணப்படுவதை நாம் அறிவோம். புலாலும் கள்ளும் அடுத்து வருவன. வீட்டில் வெங்காயமும் சேர்க்காத ஒரு குடும்பத்தின் பணம் மதுக்கூடமும் இறைச்சிச் சமையலும் சூதாடு களமும் கொண்ட விடுதியைக் கட்டப் பயன்படுமாயின், அக்குடும்பத்திற்கு அதில் பங்கில்லை என்று கூற இயலுமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் வினைவருகைக்கு வாயிலாகவே ஆகமம் கூறுகிறது. திட்ட ஆவணம் பல நூறு பக்கங்கள் கொண்டிருக்கும். அதில் நட்டம் வருமா என்று நுணுகிப் பார்ப்பவர்கள், அங்கே என்ன நடக்கும் என்பதையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். குற்றமற்ற திட்டம் கிடைக்கவில்லையெனில் காத்திருத்தலே தக்கது.

பணம் திரும்பி வருமா என்பதும் எண்ணத்தக்கது. வெர்மான்ட் மாநிலத்து ஜே பீக் பனிச்சறுக்கு விடுதித் திட்டங்களில் 74 நாடுகளைச் சேர்ந்த முதலீட்டாளர்களிடமிருந்து 35 கோடி டாலருக்கு மேல் திரட்டப்பட்டது. அதில் பெரும்பகுதி முறைகேடாகத் திருப்பிவிடப்பட்டது என்று 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்டியது. 2022-இல் உரிமையாளருக்கு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஏமாற்றியவனுக்குத் தண்டனை கிடைத்ததால் ஏமாந்தவனுடைய ஆண்டுகள் திரும்புவதில்லை. முதுமைக்கென வைத்த பொருள் முழுவதையும் ஒரே திட்டத்தில் இடுவோர் இதனை மறத்தல் ஆகாது.

ஆவணத்தில் பொய்யாமை

நம் நாட்டில் வசிப்போர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டிற்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் இடமளிக்கிறது. 2004-இல் 25,000 டாலராகத் தொடங்கிய இவ்வரம்பு 2015-இல் இந்த அளவை எட்டியது. ஆகவே 8 இலட்சம் டாலரை ஒருவர் ஒரே ஆண்டில் அனுப்ப இயலாது. தந்தை, தாய், உடன்பிறந்தார் எனப் பலர் தத்தம் வரம்புக்குள் அனுப்புவதோ, ஆண்டுகளைப் பங்கிட்டு அனுப்புவதோ வழக்கம். அவரவர் உண்மையிலேயே தம் பொருளை அளித்தால் அதில் குறையில்லை. ஆனால் தன் பணத்தையே உறவினர் கணக்கில் இட்டு, அவர் மனமுவந்து அளித்ததாக எழுதி வாங்கினால் அது என்னவாகும்?

வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் கூடலேகக் கிரியை என்பது ஒன்று. பொய்யாவணம் புனைதல் என்பது அதன் பொருள். கள்ளாமை விரதத்திற்கு அரசாணைக்கு மாறாக நடத்தல் ஓர் அதிசாரம். மனை விற்றபோது பத்திரத்தில் குறைத்துக் காட்டிய விலையும், கணக்கில் வாராத ரொக்கமும், பணத்தின் மூலத்தைக் காட்ட வேண்டிய நாளில் தலைதூக்கும். அப்போது ஒரு பொய்யை மறைக்க மற்றொன்று தேவைப்படும். உரிமை பெறும் மகன் தன் புதுவாழ்வின் முதற்பக்கத்திலேயே தந்தைக்காகப் பொய்க் கையொப்பம் இட நேரும். இதனைவிடப் பெருங்கொடுமை தந்தை மகனுக்குச் செய்ய இயலுமோ?

இரண்டு வாயில்கள்

இவ்வினாவில் நீதியும் அடங்கியுள்ளது. கனடா நாடு முதலீட்டாளர்க்கான குடிவரவுத் திட்டத்தை 1986-இல் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர்களை அந்நாட்டு மீனவர்கள் கண்டு காப்பாற்றினர். ஒரே நாட்டிற்கு ஒரே ஆண்டில் இரண்டு வாயில்கள் அமைந்தன. ஒன்றில் பணத்தோடு வந்தவர் நின்றார். மற்றொன்றில் உயிரைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் நின்றார்.

பணத்தோடு வந்தவரே நாட்டிற்கு அதிகம் பயன்படுவர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் 2014-இல் அத்திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தபோது கனடா அரசு கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. 20 ஆண்டுக் காலத்தில் ஒரு முதலீட்டாளர் செலுத்தும் வருமான வரி, திறன்மிகு தொழிலாளர் ஒருவர் செலுத்துவதைவிடச் சுமார் 2 இலட்சம் டாலர் குறைவு. வீட்டோடு தங்கி முதியோரையும் குழந்தைகளையும் பேணும் பணியாளர் செலுத்துவதைவிடச் சுமார் 1 இலட்சம் டாலர் குறைவு. உழைத்து வாழ்ந்தவர் தந்தது அதிகம் என்று அந்நாட்டுக் கணக்கே கூறிற்று. செல்வோர் இதனை உள்ளத்தில் கொள்ளல் வேண்டும். பணம் வாயிலைத் திறக்கலாம். உள்ளே சென்றபின் உழைப்பாலும் நல்லொழுக்கத்தாலும் அம்மண்ணுக்குரிய கடனைத் தீர்த்தல் வேண்டும்.

நிரந்தரம் என்னும் சொல்

பன்னிரு சிந்தனைகளுள் அநித்திய சிந்தனையை முதலில் வைத்த மரபு நம்முடையது. அரசாங்கங்கள் வழங்கும் நிரந்தரத்தையும் அக்கண்கொண்டு பார்த்தல் நன்று. பிரிட்டன் தன் முதலீட்டாளர் விசாவை 2022 பிப்ரவரியில் மூடியது. அயர்லாந்து 2023 பிப்ரவரியிலும், ஸ்பெயின் 2025 ஏப்ரலிலும் மூடின. அமெரிக்காவில் 5 இலட்சம் டாலராக இருந்த குறைந்த தொகை 2019 நவம்பரில் 9 இலட்சமாக உயர்ந்தது. 2021 ஜூனில் நீதிமன்றத் தீர்ப்பால் பழைய நிலைக்குத் திரும்பியது. 2022-இல் 8 இலட்சமானது. நாம் வகுத்துக்கொள்ளும் எல்லை நம் கையில் உள்ளது. பிறர் வகுக்கும் எல்லையோ அவர் விருப்பம்போல் நகர்வது.

பெற்றபின்னும் அது நிபந்தனையோடு கூடியதே. நிரந்தர வசிப்புரிமை குடியுரிமையாகாது. கனடாவில் ஐந்தாண்டுகளில் 730 நாட்களேனும் அங்கே வாழ்தல் வேண்டும். அமெரிக்காவில் அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் உரிமையை இழக்க நேரலாம். உரிமையைக் காக்கும் பொருட்டே ஓரிடத்தில் இருந்தாக வேண்டும் என்னும் கட்டு அங்கே பிறந்துவிடுகிறது.

விட்டுச் செல்வன

இனி, பின்னே நிற்போரை எண்ணுவோம். அம்பத்தூரின் செல்வம் தனி ஒருவர் முயற்சியால் மட்டும் விளைந்ததன்று. 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்தோடு இணைந்து டி.ஐ. சைக்கிள் நிறுவனத்தை அங்கே தொடங்கிற்று. 1955 சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாணிச் சமுதாயத்தைக் குறிக்கோளாக ஏற்றது. 1960-களில் அரசு நிலம் திருத்தித் தொழிற்பேட்டை அமைத்து, கைப்பொருள் குறைந்தவரும் தொழில் தொடங்க வழிவகுத்தது. சாலை, மின்சாரம், பயிற்சி பெற்ற தொழிலாளர் அனைத்தும் சேர்ந்தே ஒரு சிறு பட்டறையைக் கோடிகள் மதிப்புள்ள சொத்தாக்கின.

அப்பட்டறையை விற்கும் நாளில், இருபது ஆண்டுகள் லேத் இயந்திரத்தருகே நின்ற தொழிலாளி என்ன ஆவார்? கொல்லாமையின் அதிசாரங்களுள், தன்னை அண்டி வாழ்வோர்க்கு உணவு தடைபடச் செய்தலும் ஒன்றாகக் கூறப்பட்டுள்ளது. சட்டம் வற்புறுத்தும் பணிக்கொடையோடு நில்லாமல், அவருக்கு வேறு வேலை அமையும் வரை பொறுப்பேற்பது இல்லறத்தான் கடன். 7 கோடியில் பத்து அமெரிக்கர்க்கு வேலை அளிக்கும் ஒருவர், இங்கே பத்துப் பேரின் வேலை பறிபோவதைக் காணாதிருத்தல் முறையாகுமா?

அடுத்து, பெற்றோர். 2020 மார்ச்சில் பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுத்தப்பட்டபோது, அயல்நாடுகளில் இருந்த மக்கள் பலர் தாய்தந்தையர் முகத்தை இறுதியாகக் காணவும் வர இயலாது தவித்தனர். வழக்கமான விமானங்கள் மீண்டும் முழுமையாகத் தொடங்கியது 2022 மார்ச்சில்தான். முதுமையில் சல்லேகனை ஏற்பவர் சுற்றத்தாரை அழைத்து, இனிய சொற்களால் மன்னிப்பை வேண்டியும் அளித்தும் பற்றை விட வேண்டும் என்று சமந்தபத்திரர் அறிவுறுத்துகிறார். அருகிருந்து பஞ்ச நமஸ்காரம் ஓத மகனோ மகளோ வேண்டும் என்பது நம் முதியோர் பலரின் எளிய விருப்பம். தம் வீட்டை விற்று மகனை அனுப்பிய தந்தை அதனை வாய்விட்டுக் கேட்கமாட்டார். கேட்காததால் அவ்விருப்பம் இல்லையென்று கொள்ளலாகாது.

ஊர் நிலமும் உண்டு. அயல்நாட்டில் வசிக்கும் இந்தியரும், இந்தியக் குடியுரிமையை விட்டு 2005 முதல் வழங்கப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெற்றவரும், நம் நாட்டில் விளைநிலம் விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடந்தருவதில்லை. மரபுரிமையாக வருவதைப் பெறலாம். இன்று பணத்தேவைக்காக விற்கும் பாட்டனார் நிலத்தை நாளை திரும்ப வாங்க வழியில்லை. சிற்றூரின் ஜினாலயத்திற்கு விளக்கெண்ணெயும் நைவேத்தியமும் அந்நிலத்திலிருந்தே சென்றிருந்தால் அதற்கொரு மாற்று ஏற்பாடு செய்தபின்னரே விற்றல் வேண்டும்.

வகுத்துக்கொள்ள வேண்டிய எல்லைகள்

இவற்றையெல்லாம் நோக்குங்கால், முதலீட்டின்மூலம் வசிப்புரிமை பெறுவது தன்னளவில் பாவமென்று விலக்கத்தக்கதன்று என்பதும், எல்லை வகுக்காமல் இறங்குவது இல்லறத்தார்க்குத் தகாது என்பதும் புலனாகும். திசைவிரதம் முறையாக ஏற்காதவரும் விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் சிலவற்றைக் குடும்பத்தோடு அமர்ந்து எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நோக்கம். பிள்ளையின் படிப்பும் பணியும் குலையாமல் காத்தலா, உறவினர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது நமக்கும் வேண்டும் என்னும் போட்டியா? பின்னதாயின் அது க்ஷேத்திர விருத்தியே. இரண்டாவது, தொகை. பெற்றோரின் முதுமைக்கும் மருத்துவத்திற்கும் உரியதை ஒதுக்கிய பின் எஞ்சுவதில் மட்டுமே இறங்குதல். தொகை உயர்ந்தால் விலகிவிடுவது என்று முன்னரே துணிதல். மூன்றாவது, பணம் செல்லும் தொழில் இம்சையும் வியசனமும் கலவாததாக இருத்தல். நான்காவது, ஆவணம் ஒவ்வொன்றும் உண்மையாக இருத்தல். ஐந்தாவது, தொழிலாளர்க்கும் பெற்றோர்க்கும் ஊர்க்கோயிலுக்கும் உரிய கடனை முதலில் தீர்த்தல்.

2025 செப்டம்பரில் அமெரிக்கா தங்க அட்டை என்னும் மற்றொரு வழியை அறிவித்தது. அதன்படி தனி ஒருவர் 10 இலட்சம் டாலரை அந்நாட்டு அரசுக்கு அன்பளிப்பாகவே அளிக்க வேண்டும். இது திரும்பி வாராது. பயன் கருதி அளிப்பதை நம் முன்னோர் தானம் என்று கூறார். நிதானம் என்னும் சல்லியம், அதாவது கைம்மாறு வேண்டும் ஆசையாகிய முள், உள்ளே தைத்திருக்கும்வரை ஒருவன் விரதி ஆகான் என்பது உமாசுவாமிகளின் தெளிவு. பெயர் எதுவாயினும் செயலின் உள்ளே இருப்பதைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

மேற்கூறிய ஐந்தையும் எழுதிய தாளைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து படித்துப் பார்ப்பாராக. ஐந்தும் நிறைவேறுமெனில் மகன் நற்காட்சியோடும் நல்லொழுக்கத்தோடும் சென்று வாழட்டும். பெற்றோரும் மனமுவந்து வழியனுப்பலாம். ஏதேனும் ஒன்று நிறைவேறாதெனில், அது நிறைவேறும் நாள்வரை அந்த மனை அம்பத்தூரிலேயே இருக்கட்டும்.